தாழ்தளப் பஸ்ஸுக்குத் தோதான நிறுத்தம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025-26 மாநில பட்ஜெட்டில் சென்னைக்கு 950, கோவைக்கு 75, மதுரைக்கு 100 என்று மின்சாரப் பஸ்களை அறிவித்தார்கள். அதற்கு முன்பே 552 தாழ்தள டீசல் பஸ் வாங்கினபோது சென்னைக்கு 352 போக மதுரைக்கும் கோவைக்கும் நூறு நூறு என்று பிரித்தார்கள். மெட்ரோ வருமா, திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரைக்கும் தூண் எழும்புமா என்று ஊரில் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும். இன்றைக்குக் கையில் இருப்பது பஸ்தான். அந்தப் பஸ்ஸைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தையற்காரன். ரொம்ப வருஷம் புது மண்டபத்தில் மெஷின் போட்டிருந்தேன். மண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது நானும் அங்கே வந்துவிட்டேன். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடுப்புத் தைத்தே ராத்திரி பகலாகிவிடும். சின்ன வயதில் வந்த போலியோவால் வலது காலில் காலிபர், அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கிற கம்பிச் சட்டம். வீடு திருநகரில். திருப்பரங்குன்றம், பசுமலை, பழங்காநத்தம் வழியாகப் பெரியார் நிலையம் வந்து, அங்கிருந்து வேறு வண்டி மாறித்தான் கடைக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை பஸ் படி ஏறி இறங்குகிற ஆள் நான். கழுத்தில் எப்போதும் அங்குல டேப் கிடக்கும்.

காலிபர் போட்டவர்களுக்கு ஏற ஒரு முறை, இறங்க ஒரு முறை உண்டு. ஏறும்போது நல்ல கால் முன்னால் போக வேண்டும். இறங்கும்போது காலிபர் கால் முன்னால். மாற்றி வைத்தால் முட்டி மடங்கிவிடும். ஏறும்போது உடம்புப் பாரம் முழுவதையும் இடது காலும் ரெண்டு கையும் தூக்கியாக வேண்டும். படி எட்டு அங்குலமாக இருந்தால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏறிவிடுவேன். பத்து அங்குலத்துக்குக் கம்பி வேண்டும். பதினாறு என்றால் ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்து ஏற வேண்டும். அந்த நேரத்தில் தையல் பையைப் பின்னால் நிற்கிறவர் யாராவது வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொள்ள ஆளில்லாத நாளில் பையைப் பல்லில் கடித்துக்கொண்டும் ஏறியிருக்கிறேன்.

சாதாரண டவுன் பஸ் ஏன் அவ்வளவு உயரம் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். எங்கள் மாமா ஒருவர் கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் டிங்கர் வேலை பார்த்தார். லீவு விட்டால் அங்கே போய்விடுவேன். கம்பெனியிலிருந்து வண்டி வெறும் சேசிஸாகத்தான் வரும். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது, பக்கச் சுவர் கிடையாது. ரெண்டு நீளமான இரும்புச் சட்டம், நாலைந்து குறுக்குச் சட்டம், முன்னால் என்ஜின், ஒரு ஸ்டியரிங், அதற்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்த ஒரு மனுஷன். தலையில் துண்டைக் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் அதை நெடுஞ்சாலையில் ஓட்டிவரும் அழகைப் பார்க்க வேண்டும். பட்டறை வாசலில் இறங்கினால் முகத்தில் பூச்சி அப்பிக் கிடக்கும். மாமா அவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வண்டிக் காகிதத்தை வாங்குவார்.

அசோக் லேலண்ட் வைக்கிங், சீட்டா, டாடா வண்டிகள் என்று எது வந்தாலும் அடிப்படை அதுதான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒரே மாதிரி சட்டம். வைக்கிங்குக்கு வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 222 அங்குலம் என்று பட்டறையில் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பார்கள். அங்குலக் கணக்கு என்பதால் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. என்ஜின் டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும். அதிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் அடியில் ஒரு நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே போகும். அந்த ஷாஃப்ட், அதற்கு மேல் சட்டம், அதற்கு மேல் குறுக்குக் கட்டை, அதற்கு மேல் பலகை. தரை 900 மில்லிமீட்டருக்கு வந்து நிற்பது இப்படித்தான். என் கணக்கில் முப்பத்தைந்தரை அங்குலம். நாலு முழுப் படி ஏறுகிற உயரம். நடுவில் ரெண்டு மூன்று படியைச் செருகி அதை ஏறச் சொல்கிறார்கள். இந்த அமைப்பில் யார் நினைத்தாலும் தரையைக் கீழே இறக்க முடியாது. மேடு பள்ளம் தாங்கும், எந்தப் பட்டறையிலும் ரிப்பேர் பார்க்கலாம், விலையும் குறைவு. அதனால்தான் இத்தனை வருஷம் ஓடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

தரை தாழ வேண்டுமென்றால் என்ஜினைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஷாஃப்ட் குட்டையாகி, முன்பாதியில் அடியில் சுற்றுகிற சாமான் எதுவும் இல்லாமல் போகும். பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைக்க வேண்டும். இப்படிச் செய்தால் தரை 400 மில்லிமீட்டருக்கு வரும். பதினாறு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. நடுவில் 650 என்று இன்னொரு அளவும் உண்டு. பாதித் தாழ்தளம் என்பார்கள். 900, 650, 400 என்ற இந்த மூன்று அளவும் மத்திய அரசின் நகர்ப்புறப் பஸ் வரையறையிலேயே இருக்கின்றன. 2009 வாக்கில் ஜவஹர்லால் நேரு பெயரில் இருந்த நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் ஊர் ஊராகப் புது பஸ் கொடுத்தபோது மதுரையும் அந்தப் பட்டியலில் இருந்தது. கதவு தானாகத் திறந்து மூடுகிற வண்டிகள் வந்தன. கொஞ்ச வருஷத்தில் கதவைக் கயிற்றால் கட்டி வைத்து ஓடியதையும் பார்த்தேன். அதற்கு முன்பே, 2006-ல், பெங்களூரில் வோல்வோ தாழ்தள டவுன் பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. தங்கை வீட்டுக்குப் போனபோது அதில் ஏறிவிட்டு, நம்ம ஊருக்கு இதெல்லாம் எங்கே வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வந்துவிட்டது. சும்மா வரவில்லை. மாற்றுத்திறனாளிகள் தரப்பில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக வழக்கு நடத்தி, 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி, 900 மில்லிமீட்டர் வண்டியையே திரும்பத் திரும்ப வாங்குவது என்ன நியாயம் என்று கேட்ட பிறகு வந்தது. கேட்டவர்களுக்கும் வாங்கினவர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

முதல் தடவை மதுரையில் அந்த வண்டியில் ஏறினதைச் சொல்ல வேண்டும். மத்தியான நேரம், நிறுத்தத்தில் கூட்டம் குறைவு. டிரைவர் சின்னப் பையன். நடைமேடையை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்தினார். என் காலைப் பார்த்தார். எதையோ ஒரு பித்தானைத் தட்டினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. வண்டி இடது பக்கமாக மெதுவாகச் சாய்ந்து கொடுத்தது. இடது பக்கத்துக் காற்றுப் பையிலிருந்து காற்றை விட்டால் வண்டி அந்தப் பக்கம் தாழும். கதவை மூடிவிட்டுக் கிளம்பும்போது திரும்ப நிமிர்ந்துகொள்ளும். எனக்கு முன்னால் ஒரு பூக்காரம்மா, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வாங்கின மல்லிகைச் சிப்பத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நடந்து உள்ளே போனார். சிப்பத்தைக் கீழே வைக்கவில்லை, யாரையும் பிடிக்கச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் நான். நல்ல காலை எடுத்து வைத்தேன், காலிபர் கால் பின்னாலேயே வந்துவிட்டது. கம்பியை ஒரு கையால் தொட்டதோடு சரி.

உட்காரவில்லை. டேப்பை எடுத்து வாசல் விளிம்பிலிருந்து நடைமேடைக்குத் தொங்கவிட்டு அளந்தேன். கண்டக்டர் வந்து நின்றார்.

“என்னண்ணே, பஸ்ஸுக்கு பேண்ட் தைக்கப் போறீகளா?”

“அளவு சரியா இருக்கான்னு பாக்குறேன் தம்பி.”

ஏழு அங்குலம் இருந்தது. எங்கள் வீட்டு மாடிப்படி அளவு.

அந்த ஏழு எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பஸ் தரை தார் ரோட்டிலிருந்து பதினாறு அங்குலம். நடைமேடை ரோட்டிலிருந்து ஆறு அங்குலம். இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி நடைமேடை 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதுவும் ஏறத்தாழ இதே ஆறுதான். பதினாறில் ஆறு போனால் பத்து. வண்டி சாய்ந்து கொடுத்ததில் இன்னும் மூன்று போயிற்று. மிச்சம் ஏழு. இப்போது அதே வண்டி நடைமேடையை விட்டுத் தள்ளி, ரெண்டாவது லேனில் நிற்கிறது என்று வையுங்கள். நான் ஆறு அங்குலம் ரோட்டில் இறங்க வேண்டும், ஷேர் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் நடுவில் நடக்க வேண்டும், அங்கிருந்து பதினாறு அங்குலம் ஏற வேண்டும். சாய்க்கும் பித்தானைத் தட்டினாலும் பதின்மூன்று. பழைய உயர வண்டியின் முதல் படிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. உள்ளே போன பிறகு படி இல்லை என்பது ஒன்றுதான் லாபம். அதிக விலை கொடுத்து வாங்கின தாழ்தளம், நடைமேடையிலிருந்து ரெண்டு கஜம் தள்ளி நின்ற காரணத்தாலேயே வீணாகிறது.

இது எப்போதோ நடப்பதில்லை. நான் ஏறுகிற நிறுத்தங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. டிரைவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பன்னிரண்டு மீட்டர் வண்டியை நடைமேடையோடு ஒட்டி நிறுத்த வேண்டுமென்றால் முதலில் மூக்கை உள்ளே விட்டு, அப்புறம் வாலை இழுத்துக்கொண்டு நேராக வேண்டும். திரும்ப வெளியே வரவும் இடம் வேண்டும். வண்டி நீளத்தைப் போல ரெண்டு பங்காவது காலியாக இருந்தால்தான் இது நடக்கும். அங்கே நாலு ஷேர் ஆட்டோ வரிசையாக நிற்கும், ஒரு இளநீர் வண்டி, ரெண்டு பைக், பஸ் வருகிறதா என்று ரோட்டிலேயே இறங்கி எட்டிப் பார்க்கிற கூட்டம். ஒரு தடவை உள்ளே போய் மாட்டிக்கொண்ட டிரைவர் அடுத்த தடவை போக மாட்டார். கோரிப்பாளையம் பக்கம் பாலம் வேலை நடக்கிற காலத்தில் இதைக் கேட்கவே வேண்டாம்.

நிறுத்தங்களும் ஒன்றைப் போல ஒன்று இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு நிறுத்தம், யாரோ நல்ல மனசோடு கட்டிய நிழற்குடை. கிரானைட் தரை, எஃகு இருக்கை, மேலே பெரிய எழுத்தில் பெயர்கள். தரை ரோட்டிலிருந்து பதினெட்டு அங்குலம், நானே அளந்தேன். வழவழப்பான ரெண்டு படி ஏறி நிழலுக்குப் போக வேண்டும். பஸ் வந்தால் அதே ரெண்டு படி இறங்கி, ரோட்டுக்கு வந்து, திரும்பவும் பஸ்ஸில் ஏற வேண்டும். அதனால் மழையானாலும் வெயிலானாலும் நான் அந்தக் குடைக்கு வெளியிலேயே நிற்கிறேன். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு நிறுத்தத்தில் நேர் எதிர். அங்கே ஒரு காலத்தில் ஆறு அங்குல நடைமேடை இருந்தது. ரோடு போட்டார்கள், அதன் மேல் இன்னொரு ரோடு போட்டார்கள், இப்போது நடைமேடையும் தாரும் ஒரே மட்டம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் அரசே சொல்லியும் இந்தக் கதை. வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வருகிறது என்பதற்காகத்தான் அந்த உத்தரவைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பஸ் ஏறுகிறவனுக்கும் அதில் ஆறு அங்குலம் போகிறது என்பதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

ஒரு சட்டையை ஒருவர் உடம்புக்கும் அதன் கையை வேறொருவர் கைக்கும் அளவெடுத்து வெட்டின மாதிரி இருக்கிறது. பஸ் ஒரு துறை, ரோடு இன்னொரு துறை, நடைமேடை மாநகராட்சி, நிழற்குடை யாருடைய நிதியிலோ. நாலும் கூடுகிற இடம் வாசல்படி.

வெளியூர்களில் இதற்கு ரெண்டு வழி கண்டிருக்கிறார்கள். ஒன்று, பஸ் உயரமாகவே இருக்கட்டும், நிறுத்தத்தைத் தூக்குவோம் என்பது. பிரேசிலில் கூரிச்சிபா என்ற ஊரில் குழாய் மாதிரி கண்ணாடிக் கூண்டு நிறுத்தங்களை 1991-லேயே வைத்தார்கள். ஆள் முதலில் கூண்டுக்குள் ஏறிவிடுவார், பஸ் வந்தால் கூண்டுத் தரையும் பஸ் தரையும் ஒரே மட்டம். 2009-ல் அகமதாபாத்தில் ஜன்மார்க் என்ற பஸ் சேவையை ஆரம்பித்தபோது இதையே செய்தார்கள். ரோட்டு நடுவில் 900 மில்லிமீட்டருக்கு மேடை, பஸ்ஸுக்கு வலது பக்கம் கதவு, தனிப் பாதை. அது அகலமான ரோடு இருக்கிற ஊருக்குச் சரி. சிம்மக்கல்லிலும் கீழவாசலிலும் நடுவில் மேடை கட்டினால் பஸ் மட்டும்தான் போகும், மற்றவர்கள் வைகையில் இறங்கித்தான் போக வேண்டும்.

ரெண்டாவது வழி, பஸ்ஸையும் தாழ்த்தி, நடைமேடையையும் அதற்குத் தக்கபடி சரி செய்வது. ஜெர்மனியில் காசல் என்று ஒரு ஊர். அங்கே கண்டுபிடித்த ஒரு கல்லை யூடியூபில் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாதாரண நடைமேடைக் கல்லுக்கு முகம் செங்குத்தாக இருக்கும். டயர் உரசினால் பக்கச் சுவர் கிழியும். அந்தப் பயத்தில்தான் எந்த டிரைவரும் ஒட்டி வர மாட்டார். காசல் கல்லுக்கு முகம் உள்வளைவாக, வழவழவென்று இருக்கும். டயர் அதில் பட்டதும் வழுக்கி, தானே நேராகிக்கொள்ளும். டிரைவர் தைரியமாகக் கல்லில் சாய்த்துவிட்டே வரலாம். வண்டிக்கும் நடைமேடைக்கும் நாலு விரல் இடைவெளிதான் மிஞ்சும். உயரம் ஏழு அங்குலம் போல. நம்முடைய 552 தாழ்தள பஸ்ஸும் ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கிக் கடனில் வாங்கினவைதான். கடனோடு கல்லையும் கேட்டு வாங்கியிருக்கலாம்! போகட்டும், கல்லை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. கல் தச்சு வேலைக்கு மதுரையைச் சுற்றி ஆளா இல்லை? வளைவு முகம் வைத்துக் காங்கிரீட்டில் வார்த்தாலே போதும்.

இந்த ஏற்பாடு காலிபர் போட்ட ஒரு தையற்காரனுக்காக மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிறுத்தத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். முட்டி வலிக்காரர்கள், புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள், கைக்குழந்தையோடு பெரியாஸ்பத்திரிக்கு வருகிற தாய்மார், மூட்டையோடு சந்தைக்குப் போகிறவர்கள். 2021 மே மாதத்திலிருந்து பெண்களும், அதைத் தொடர்ந்து மாற்றுத்திறனாளிகளும் திருநங்கைகளும் டிக்கெட் காசில்லாமல் சாதாரண டவுன் பஸ்ஸில் போகிறார்கள். நல்ல திட்டம், எங்கள் கடைக்குப் பட்டன் கட்டித் தருகிற அக்கா அதில் மிச்சப்படுகிற காசில் மகளை டியூஷனுக்கு அனுப்புகிறார். ஆனால் முகப்பில் பிங்க் அடித்து ஓடுகிற அந்த வண்டிகளில் பெரும்பாலானவை இன்னமும் 900 மில்லிமீட்டர் வண்டிதான். காசு வாங்காமல் ஏறச் சொல்கிறார்கள், ஏறத்தான் முடியவில்லை.

நேரக் கணக்கு பார்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வயதான ஒருவர் மூன்று படி ஏறும்வரை பஸ் நின்றாக வேண்டும், அவருக்குப் பின்னால் இருக்கிற எல்லோரும் காத்திருக்க வேண்டும். தரை மட்டமாக இருந்தால் ரெண்டு பேர் சேர்ந்தே உள்ளே போவார்கள். டிவிஎஸ் காலத்து பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள் என்று மதுரைப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லிச் சலிக்க மாட்டார்கள். 1912-ல் சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்ட காலத்தில் ரோட்டில் மாட்டு வண்டிதான் போட்டி. 1972-ல் அரசுடைமையாகிப் பாண்டியன் ரோட்வேஸ் வந்த பிறகும் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்றைக்கு நிறுத்தத்தில் போகிற நேரத்தைக் குறைக்காமல் எந்தக் கம்பெனி வண்டி வாங்கினாலும் கடிகாரம் தப்பாகத்தான் ஓடும்.

இனி வரப்போகிற நூறு மின்சாரப் பஸ்ஸுக்கு வருகிறேன். மின்சாரப் பஸ் என்றாலே தாழ்தளம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே கம்பெனி ஒரே மின்சாரப் பஸ்ஸைத் தாழ்தளத்திலும் போடுகிறது, உயரத் தரையிலும் போடுகிறது. டெண்டரில் கேட்கிறதைத்தான் கொடுப்பார்கள். மின்சார வண்டியில் நீள ஷாஃப்ட் தொல்லை கிடையாது, பேட்டரியைக் கூரையிலும் பின்னாலும் வைத்துவிடலாம். இவ்வளவு சுலபமாகத் தாழ்த்த முடிகிற வண்டியை உயரத்தில் வாங்கினால் அதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது. அதனால் மதுரையின் நூறும் 400 மில்லிமீட்டர் தரை, சாய்ந்து கொடுக்கும் வசதி, நடுக்கதவில் சக்கர நாற்காலிக்கு மடக்குப் பலகை என்று வெளிப்படையாக எழுதிக் கேட்க வேண்டும்.

எல்லாம் பன்னிரண்டு மீட்டராக இருக்க வேண்டும் என்பதும் கிடையாது. பைபாஸ் ரோட்டிலும் அழகர்கோவில் ரோட்டிலும் நீள வண்டி நன்றாக ஓடும். விளக்குத்தூண், முனிச்சாலை, நெல்பேட்டைப் பக்கம் அதே வண்டி திரும்புவதைப் பார்த்தால் ஏறியிருக்கிறவனுக்கே பாவமாக இருக்கும். மும்பையில் பெஸ்ட் நிறுவனம் ஒன்பது மீட்டர் குட்டை வண்டிகளை ஓட்டிக் காட்டியிருக்கிறது. வரப்போகிற நூறு பஸ்ஸில் ஒரு பகுதி அப்படி வந்தால் நடைமேடையை ஒட்டி நிறுத்துவதும் டிரைவருக்குச் சுலபம்.

இன்னொன்று, மின்சாரப் பஸ்களைச் சென்னையில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசித்தான் ஓட்டுகிறார்கள். வண்டியும் டிரைவரும் கம்பெனியுடையது, கண்டக்டர் நம்மவர். மதுரையிலும் அதுவே வருமென்றால், ஓடுகிற தூரத்துக்குத்தான் பணம் என்று ஆகிவிடும். நிறுத்தத்தில் ஒட்டி நிறுத்தினானா, பலகையை இறக்கினானா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இருக்காது. மடக்குப் பலகையைக் கையால் பிரித்துப் போட ஒரு ஆள் கீழே இறங்க வேண்டும். அது டிரைவரா, கண்டக்டரா? காகிதத்தில் எழுதாவிட்டால் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாற்காலியில் இருக்கிறவர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு பத்தி, மீறினால் அபராதம், இவ்வளவு போதும்.

நிறுத்தங்களை ஒரே நாளில் சரிசெய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். தாழ்தள வண்டி ஓடுகிற தடங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். பெரியார் நிலையத்திலிருந்து பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம் வழியாகத் திருநகர் வரை இருக்கிற தடம் என்றால் எனக்குச் சந்தோஷம். எனக்காகக் கேட்கிறேன் என்று சொன்னாலும் சரி, முருகன் கோவிலுக்குப் போகிற வயதானவர்கள் எத்தனை பேர் என்று அந்தத் தடத்தின் கண்டக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதில் இருக்கிற ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆறு அல்லது ஏழு அங்குலத்துக்கு நடைமேடை, அதற்கு வளைவு முகக் கல், அதற்கு முன்னால் பஸ் தவிர வேறெதுவும் நிற்கக்கூடாது என்று தரையில் மஞ்சள் கோடு. ஷேர் ஆட்டோக்களை விரட்ட வேண்டாம், நிறுத்தத்தைத் தாண்டி இருபது மீட்டரில் அவர்களுக்கும் ஒரு இடம் ஒதுக்கினால் அவர்களே போய்விடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது பஸ்ஸைத் தவறவிட்ட ஆள்தானே. கண்டக்டருக்கும் டிரைவருக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுக்கும்போது, சக்கர நாற்காலியில் ஒருவரையும் காலிபர் போட்ட ஒருவரையும் கண் தெரியாத ஒருவரையும் நிஜமாகவே ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும்.

கடைசியாக ரோடு போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அந்தத் தடத்தில் தார் போட வரும்போது, பஸ் நிறுத்தங்களின் முன்னால் மட்டுமாவது பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். வேலை முடிந்து பில் பாஸ் பண்ணுவதற்கு முன்னால் இன்ஜினியர் நடைமேடை உயரத்தை ஒரு தடவை அளந்து, அந்த அளவைப் பில்லிலேயே எழுதட்டும்.

இப்படிக்கு,
தையல் தொழிலாளி,
திருநகர், மதுரை.